கேளாமல் தலையாட்டுதல்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம். இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு வகுப்பில் வெண்பாவுக்குரிய தளைகளை நடத்திக்கொண்டிருந்தோம். (ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின் ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது, ‘நாம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த ‘நாம்’ குறித்தும் பின்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.) அன்று நடத்தியது திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் என்று எழுதினால் வரப்போகும் செய்திக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் உண்மை யாப்புதான்.

வீட்டிலிருந்து கொண்டுபோன மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்து, சீர் பிரிப்பதை அட்டவணை போட்டு விளக்கும் வலைப்பக்கம் ஒன்றைச் சுவரில் காட்டியிருந்தோம். இலக்கண ஆர்வலர் யாரோ சிரத்தையாகச் செய்து வைத்த பக்கம். சுவருக்கு முதுகைக் காட்டி மாணவர்களைப் பார்த்து நின்றபடி, மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று சொல்லிக்கொண்டு வருகையில் வகுப்பில் ஒரு சலசலப்பு தெரிந்தது. தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கவில்லை. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து ஏதோ கேட்டாள். உதடுகள் அசைந்தன. இரண்டு ஆண்டுகளாகக் கைவந்திருந்த வித்தையை நாமும் செய்தோம். புன்னகைத்து, தலையை ஆட்டி, “ஆமாம்மா, சரியாகச் சொன்னாய்” என்றோம். வகுப்பே சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம்.

திரும்பிச் சுவரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அட்டவணைக்கு வலப்புறம், ஆளுயரத்துக்கு, ஒரு காது. காதின் பின்னால் தோல்நிறத்தில் ஒரு கருவி. அதற்குக் கீழே மூன்று காது மிஷின்களும் அவற்றின் விலைகளும். முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு, வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு நாம் பார்த்துவிட்டு மூடிய அதே மூன்று.

மாலையில் உடன் பணியாற்றும் இளைய பேராசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மாணவி கேட்டது இதுதான்: “ஐயா, இது உங்களுக்கா?”

விஷயத்தைச் சொல்லிவிடுவோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் செவித்திறன் குறையத் தொடங்கிவிட்டது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்து, இரண்டு காதுகளிலும் இழப்பு இருக்கிறது, இடது காதில் சற்றுக் கூடுதல், கருவி வைத்துக்கொள்வது நல்லது என்றார். இந்த வகை இழப்பில் உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலிகள் முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் காதில் விழும். சகரம் போன்ற மெல்லிய உரசொலிகள் விழாது. சொல் பேசப்பட்டது தெரியும். எந்தச் சொல் என்பது தெரியாது. வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது பெரிய தொந்தரவில்லை. மின்விசிறிகள் ஓடும் வகுப்பறையில், கடைசிப் பெஞ்சிலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு பெண் கேட்கும் ஐயம் நம்மிடம் வந்து சேராது.

கருவி வாங்காததற்கு விலை ஒரு காரணம். விலை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். யாப்பு கற்பிப்பவனுக்குக் காதுதான் கருவி. தளை தட்டுகிறது என்பதைக் கண்ணால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பவன் மாணவன். காதால் கேட்டவுடன் சொல்பவன் ஆசிரியன் என்று நமக்குக் கற்பித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காதே போகிறது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழி ஆசிரியர் அறையில் நாள் தவறாமல் புழங்குகிறது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர். ஆகவே மறைத்தோம். துணைவியாருக்கு மட்டும் தெரியும். அந்த ஞாயிறு இரவு அவர் வற்புறுத்தியதால்தான் இருவரும் அமர்ந்து ஓர் இணையக் கடையில் ஏழெட்டுக் கருவிகளைப் பார்த்தோம். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று நாம் சொல்ல, அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். கடையில் பெயர் கொடுக்கவில்லை, தொலைபேசி எண் கொடுக்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ஐம்பது மாணவர்களுக்கு எதிரே, காசி வாசியில் காது மிஷின்.

முதலில் நமக்கு வந்தது, இந்தக் கணினி ஒட்டுக்கேட்கிறதோ என்ற ஐயம். கணினி அறிவியல் துறை நண்பர் சிரித்துவிட்டு, “ஒட்டெல்லாம் கேட்கவில்லை ஐயா, வெறும் குக்கீ” என்றார். அதன்பின் பல வாரங்கள், யாப்பருங்கலத்துக்கு உரை தேடிய அதே பிடிவாதத்தோடு இந்தக் குக்கீயைத் தேடிப் படித்தோம். தமிழில் இதை ‘நினைவி’ என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல். ஆனால் யாருடைய நினைவு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் பதிலின்றி நிற்கிறது.

நமக்குப் புரிந்த வகையில் சொல்கிறோம். வலைத்தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினிக்கும் நம் உலாவிக்கும் இடையே நடக்கும் உரையாடலுக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. ஒரு பக்கம் கேட்கிறோம், தருகிறது, மறந்துவிடுகிறது. அடுத்த பக்கம் கேட்டால் மறுபடியும் புது ஆள். இப்படி இருந்தால் கடவுச்சொல்லை ஒவ்வொரு சொடுக்குக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; கூடையில் போட்ட புத்தகம் அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். இதற்குக் கண்ட வழிதான் குக்கீ.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளலாம். அங்கே இருப்பவர் நம் பெயரைக் கேட்பதில்லை. எண் போட்ட ஒரு வில்லையைக் கையில் கொடுக்கிறார். எண் 417 என்று வைத்துக்கொள்வோம். வில்லை நம் சட்டைப்பையில் இருக்கிறது. செருப்பு அவர் அலமாரியில் இருக்கிறது. திரும்பி வந்து வில்லையை நீட்டினால் செருப்பு கிடைக்கிறது. குக்கீ என்பது அந்த வில்லை. சில எழுத்துகளும் எண்களும் கொண்ட சிறு துணுக்கு; ஏறத்தாழ நான்காயிரம் எழுத்துகளுக்கு மேல் பொதுவாக அதில் கொள்ளாது. தளம் அதை நம் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்தமுறை அதே தளத்துக்குப் போகையில் உலாவி தானாகவே அதை எடுத்து நீட்டுகிறது. உலாவியை மூடியதும் அழியும் வில்லையும் உண்டு. மாதக்கணக்கில் தங்கும் வில்லையும் உண்டு. குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. 400 நாள் என்பதே ஓராண்டுக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை உருவாக்கியவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மாண்டுல்லி. ஆண்டு 1994. எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்றை அமைக்கும் வேலையில், பாதியில் நிற்கும் வியாபாரத்தின் விவரங்களைக் கடையின் கணினியில் சுமக்காமல் வாடிக்கையாளரின் கணினியிலேயே வைக்க ஒரு வழி தேவைப்பட்டது. யூனிக்ஸ் உலகில் ‘மேஜிக் குக்கீ’ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது: ஒரு நிரல் இன்னொன்றிடம் கொடுத்து, திருப்பி வாங்கும் அடையாளத் துணுக்கு. பெயர் அங்கிருந்து வந்தது. தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு உறவில்லை. ஒவ்வொரு உலாவிக்கும் நிலையான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது இதைவிட எளிய வழியாக இருந்திருக்கும். அப்படிச் செய்தால் ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர முடியும் என்பதாலேயே அதைத் தவிர்த்ததாக மாண்டுல்லியே பின்னாளில் எழுதியிருக்கிறார். வில்லையைக் கொடுத்தவரிடம் மட்டுமே அது திரும்பக் காட்டப்படும் என்பது அவர் வைத்த காப்பு.

காப்பில் ஒரு சந்து இருந்தது. நாம் ஒரு பக்கம் என்று பார்ப்பது உண்மையில் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடத்திலிருந்தும், படம் வேறிடத்திலிருந்தும், விளம்பரம் மூன்றாம் இடத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த மூன்றாம் இடத்துக்காரரும் தம் பங்குக்கு ஒரு வில்லை கொடுக்கலாம். கோயிலிலும், திரையரங்கிலும், மருத்துவமனையிலும், நீதிமன்றத்திலும் செருப்பு விடும் இடத்தை ஒரே ஒப்பந்தக்காரர் எடுத்து, எல்லா இடத்திலும் நமக்கு ஒரே 417ஆம் எண் வில்லையையே கேட்டு வாங்கிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர் அவருக்கு இப்போதும் தெரியாது. ஆனால் 417 திங்கள் காலை கோயிலில், மாலை காது டாக்டரிடம் என்பது அவர் நோட்டில் ஏறிவிடுகிறது. மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். நாம் பார்த்த கடையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் துணுக்கு இருந்தது. யாப்புப் பக்கத்திலும் அதே நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்ட ஓர் இடம் இருந்தது. 417 வந்தவுடன் அதற்கு உரிய காது மாட்டப்பட்டது. யாப்புப் பக்கத்தை நடத்தும் ஆர்வலருக்கு இதில் எதுவும் தெரியாது.

இப்போது அந்த ‘நாம்’. தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் உளப்படுத்திச் சொன்னால் நாம். கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு இல்லை என்று வகுப்பில் பெருமையோடு சொல்வது வழக்கம். அன்று ஞாயிறு இரவு கணினிக்கு முன் இருந்தது ‘நாங்கள்’: துணைவியாரும் நாமும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் நின்றது முற்றிலும் வேறொரு கூட்டம். 417 என்ற எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதற்கு இருப்பது ஒரே உலாவி, ஆகவே ஒரே ஆள். எங்கள் இருவருக்குள் இருந்த ஒன்றை, நம்மைக் கேளாமலே, வகுப்பு முழுவதையும் உளப்படுத்தி ‘நாம்’ ஆக்கிவிட்டது. நமக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

அன்றிரவு ஆத்திரத்தில் செய்ததையும் சொல்ல வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உலாவியில் அழிப்பதற்கான பெட்டி திறக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். எல்லாக் காலத்துக்கும், எல்லாவற்றையும் என்று குறியிட்டு அழித்தோம். விளம்பரக் காது போயிற்று. கூடவே நாம் நுழைந்திருந்த எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டோம். மகள் பாதி நிரப்பி வைத்திருந்த ஒரு விண்ணப்பம் போயிற்று. துணைவியார் மூன்று வாரமாக ஒரு புத்தகக் கடையின் கூடையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த நாவல்கள் போயின. “உங்க கோபத்துக்கு என் புத்தகங்கதான் கிடைச்சுதா?” என்றார். மறதிக்கும் விலை உண்டு என்பது அன்று விளங்கியது. நம்மைத் தொல்லை செய்த வில்லையும் அவருக்குப் புத்தகத்தைக் காத்துக்கொடுத்த வில்லையும் ஒரே மண்ணில் செய்தவை. வில்லையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்த வில்லையை, யாருக்கு, எவ்வளவு காலம் என்று தீர்மானிக்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி புதிதும் அன்று. குக்கீ வந்து ஓரிரு ஆண்டுகள் வரை அப்படி ஒன்று தம் கணினியில் வைக்கப்படுகிறது என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. 1996 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகே பொதுவில் பேச்சு எழுந்தது. 1997இல் இணையப் பொறியாளர் குழு வெளியிட்ட முதல் முறையான வரையறை, மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் இயல்புநிலையில் ஏற்கக் கூடாது என்ற கருத்தையே முன்வைத்தது. அன்றைய பெரிய உலாவிகள் இரண்டும் அதைப் பின்பற்றவில்லை. பிற்காலத்தில் வந்த சட்டம், வழக்கு, அபராதம் யாவும் அந்த ஒற்றைப் புறக்கணிப்பின் கிளைகள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்து, 2009இல் அதைத் திருத்தி, குக்கீ வைப்பதற்கு முன் பயனரின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி, ஒப்புதல் என்றால் என்ன என்பதை இறுக்கியது. அதன் விளைவுதான் இன்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கீழிருந்து எழும்பும் அந்தப் பலகை: ‘அனைத்தையும் ஏற்கிறேன்.’ ஏற்கும் பொத்தான் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். மறுக்கும் பொத்தானைத் தேட வேண்டும். இரண்டு மூன்று அறைகள் தாண்டி உள்ளே இருக்கும். முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பது போலவே மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. ஏனெனில் அந்தப் பலகையில் எத்தனை முறை நாம் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறைகூடப் படித்ததில்லை. பக்கத்தைப் பார்க்க வேண்டும், பலகை மறைக்கிறது, ஆகவே தலையாட்டு. வகுப்பில் அந்த மாணவிக்கு ஆட்டியதும் இதே தலைதான். என்ன கேட்கப்பட்டது என்று தெரியாமல், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லாமல், காரியம் நடந்தால் போதும் என்று ஆட்டிய தலை. “ஐயா, இது உங்களுக்கா?” என்ற கேள்விக்கு நாம் சொன்ன ‘ஆமாம்’ உண்மைதான். ஆனால் அதை ஒப்புதல் என்று சொல்ல முடியுமா? காதில் விழாத கேள்விக்குச் சொன்ன விடை, விடையாகுமா?

நம் நாட்டில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் கண்ணில் பட்ட ஒரு கூறு இங்கே சொல்லத்தக்கது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அதில் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் ஏற்பாடு. தமிழில் கேட்டாலும் படிக்காமல் தலையாட்டுவோமா என்பது வேறு விஷயம். குறைந்தது, காதில் விழவில்லை என்ற சாக்கு போகும்.

அந்த வாரம் முடிவதற்குள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்: காது, கருவி, குக்கீ, மூன்றும். மாணவர்கள் அமைதியாகக் கேட்டார்கள் (அமைதியாக இருந்தார்கள் என்று நமக்குத் தோன்றியது). மறுநாள் முதல் பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு மாணவி துறை அறைக்கு வந்தாள். அவள் சொன்னதை அவளிடம் கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறோம்.

அவள் வீட்டில் ஒரே கைபேசி, அண்ணனுடையது. இரவில் ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். வெளியூரில் முதுகலை சேரலாமா என்று யாருக்கும் சொல்லாமல் தேடியிருக்கிறாள். பல்கலைக்கழகம், கட்டணம், பெண்கள் விடுதி. தேடிய வரலாற்றை ஒவ்வொரு நாளும் கவனமாக அழித்துவிடுவாளாம். ஆனாலும் அண்ணன் கிரிக்கெட் செய்தி படிக்கும் பக்கத்தில் பெண்கள் விடுதி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. “யாரு ஹாஸ்டல் பார்க்கிறது?” என்று அவன் ஒருநாள் கேட்டிருக்கிறான். “ஐயா, அது வராம செய்ய முடியுமா?”

நம் காதுக்கு ஏற்பட்டது ஒரு நாள் கூச்சம். இவளுக்கு இருப்பது வேறு. வீட்டில் எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் அதைச் சொல்வது என்று அவள் மாதக்கணக்கில் திட்டமிட்டு வந்திருக்கிறாள். ஒரு வில்லை அதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் படிப்பே போகலாம். வரலாற்றை அழிப்பது வேறு, குக்கீயை அழிப்பது வேறு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நமக்கும் ஒரு வாரத்துக்கு முன்தான் தெரிந்தது.

கணினித் துறை நண்பரையும் அழைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அவர் காட்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறோம், யாருக்காவது உதவலாம். முதலாவது, உலாவியின் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போல் இயங்கும். அபூர்வமாக ஏதேனும் ஒரு தளம் முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை நாம் கேட்காமலே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் கணினிகளில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் பூட்டி வைக்கிறது. குரோம் இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றை ஒழித்துவிடுவதாக 2020இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. குரோம் பயன்படுத்துவோர் தாமே போய் அடைக்க வேண்டிய கதவு அது.

இரண்டாவது, பிறரோடு பகிரும் கருவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து தேடுவது. அதை மூடியதும் அதற்குள் சேர்ந்த குக்கீகள் அழிந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் குளிகை அன்று. கல்லூரி வலையமைப்போ இணையச் சேவை தருபவரோ நாம் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பதைப் பார்க்க முடியும், கணக்கில் நுழைந்துவிட்டால் அந்தத் தளத்துக்கும் நாம் யாரென்று தெரியும். அடுத்து ஆள் வரும்போது மேசை துடைத்திருக்கும், அவ்வளவே. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்க வேண்டுமானால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்திலுள்ள சிறு குறியைத் தொட்டுச் செய்யலாம். நம்மைப் போல் புத்தகக் கூடையைக் கவிழ்க்க வேண்டியதில்லை. நான்காவது, கணினியில் வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என உலாவியில் இரண்டு தனி சுயவிவரங்களை வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் வில்லைகள் வேறு. ‘நாங்கள்’ வேறு ‘நாம்’ வேறு என்பதைக் கணினிக்குக் கற்பிக்க நாம் கண்ட எளிய வழி இதுதான்.

இவ்வளவும் செய்தாலும் முழுக் காப்பு கிடையாது என்பதையும் நண்பர் அவளிடம் மறைக்காமல் சொன்னார். வில்லையைத் தூக்கி எறியலாம். ஒப்பந்தக்காரரின் நோட்டில் ஏற்கெனவே எழுதியது அங்கேதான் இருக்கும். திரையின் அளவு, எழுத்துருக்கள், கருவியின் இயல்புகள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து வில்லையே இல்லாமல் ஆளை அடையாளம் காணும் முறைகளும் வந்துவிட்டன. கைபேசிச் செயலிகளுக்கு விளம்பர எண் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் போய் அதை நீக்கலாம். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். வீட்டில் என்ன சொன்னாள், எங்கே சேர்ந்தாள் என்பதை இங்கே எழுதுவது நம் வேலையன்று. அது அவர்களுடைய ‘நாங்கள்’.

இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், “உங்க விஷயத்துல நல்லதுதானே நடந்துச்சு? அந்த விளம்பரம் வரலைன்னா நீங்க இன்னும் மிஷின் வாங்கியிருக்க மாட்டீங்க” என்றார். உண்மைதான். ஆகஸ்டில் வாங்கினோம். ஆனாலும் அவர் சொன்னதை ஏற்க மனம் வரவில்லை. நம் கடிதத்தைப் பிரித்துப் படித்தவன் அதில் இருந்த நல்ல செய்தியை ஊருக்குச் சொல்லிவிட்டான் என்பதற்காக அவனுக்கு நன்றி சொல்ல முடியாது. சொல்லாமல் இரண்டு ஆண்டு ஏமாற்றியது நம் தவறு. அந்தத் தவறைத் திருத்தும் உரிமையும் நம்முடையதே. மாணவர்களிடம் நாமே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, 417க்கு எதையாவது விற்கலாம் என்று கணக்குப் போட்ட ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது. விளைவு நன்றாக அமைந்தது தற்செயல். அந்தப் பெண்ணின் வீட்டில் அப்படி அமைந்திருக்கும் என்று யார் உறுதி கூற முடியும்?

கருவியை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போன முதல் நாள் எல்லாமே இரைச்சலாக இருந்தது. மின்விசிறி, நாற்காலி, காகிதம் புரளும் ஓசை. கருவி வந்ததால் பழைய காது திரும்பிவிடுவதில்லை. இப்போதும் சில சொற்கள் விழாது. ஆனால் தலையாட்டுவதை விட்டுவிட்டோம். ‘கேட்கவில்லை, மறுபடி சொல்’ என்று சொல்லப் பழகுவது நாற்பதுகளில் எளிதாக இல்லை. வலைப்பக்கங்களில் அந்தப் பலகை எழும்பினாலும் இப்போது நிதானித்து, மறுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம். சில வினாடிகள் கூடுதலாகப் பிடிக்கும். துணைவியாரின் புத்தகக் கூடை மட்டும் விதிவிலக்கு. அந்தக் கடையின் குக்கீயைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கை.

அதே மூன்றாம் பெஞ்சு மாணவி ஒருநாள் எழுந்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை என்றோம். மறுபடி சொன்னாள். இன்னும் கேட்கவில்லை என்றோம். வகுப்பு காத்திருந்தது. மூன்றாம் முறை, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“ஐயா, நீங்க எழுதிப் போட்ட வெண்பாவில இரண்டாம் அடியில தளை தட்டுது.”

பார்த்தோம். தட்டத்தான் செய்தது.